தவளை வண்டியும் மாப்பிள்ளை அழைப்பும்

எங்க வூட்டுக்காரரு ஒரு நாள் காலையில நாஷ்டா துன்னுக்கினே, "பட்டணம் போய் ஒரு பழைய காரு வாங்கியாறேன், குடும்பமா போவ வர சவுரியமா இருக்கும்"னு சொன்னாரு. குடும்பம்னா நாங்க நாலு பேரு. அவரு, நானு, எங்க மாமியாரு, கல்யாணத்துக்கு நிக்கற நாத்தனாரு. சாயங்காலம் லாரி மேல கயிறு போட்டுக் கட்டிக்கினு வந்து எறக்கனாரு பாருங்க ஒரு வண்டி, அதுல ஒழுங்கா ஒக்கார ரெண்டே எடந்தான். பின்னாடி பலக மாதிரி ஒரு சீட்டு இருந்துச்சு. அதுல ஒரு நெல்லு மூட்டைய வெக்கலாம். மனுசன் ஒக்காரணும்னா காலக் கழட்டி மடியில வெச்சிக்கணும்.

"நாலு பேருக்கு ரெண்டு சீட்டாங்க?"ன்னு கேட்டேன்.

"இது ஸ்போர்ட்ஸ் காரு"ன்னாரு. அதுக்கு மேல வெளக்கம் வேணாங்கற மாதிரி. இந்த மனுசன் உத்திரமேரூர் ஸ்கூல்ல கணக்கு வாத்தியாரு, அத வேற எங்க போய் சொல்றது.

தொண்ணூறுகளோட கடைசி அது. ஊர்ல காருன்னா டாக்சி ஸ்டாண்டுல நிக்கற ரெண்டு வெள்ள வண்டிதான். இது பரங்கிக்காய அறுத்தா உள்ள ஒரு நிறம் இருக்குமே, அந்த நிறம். கண்ணு ரெண்டும் மேல துருத்திக்கினு, பின்பக்கம் சரிஞ்சு, தரையோட தரையா குந்திக்கினு இருந்துச்சு. பாத்த மாத்திரத்துல தெரு சனம் அதுக்கு தவளைன்னு பேரு வெச்சிடுச்சு. எங்க வூட்டுக்காரரு பட்டணத்துல காலேஜ் படிக்கறப்ப தெனம் ஒரு பெரிய வூட்டு கேட்டு வழியா இந்த வண்டியப் பாத்துக்கினே நடந்து போவாராம். யாரோ ஜெர்மன்காரன் ஊருக்குத் திரும்பறப்ப வுட்டுட்டுப் போன வண்டி. அந்த வூட்டுப் பெரியவரு இப்ப விக்கறாருன்னு கேள்விப்பட்டதும் இவுருக்கு சோறு தண்ணி எறங்கல. வாங்கிட்டாரு. அதுல ஒரே ஒரு பேஜாரு, அவுருக்கு கார் ஓட்டத் தெரியாது. மொபெட்டே ஒரு பக்கமா சாஞ்சிக்கினுதான் ஓட்டுவாரு.

"உனக்காகத்தான் வாங்கனேன்"னு என்னப் பாத்து சிரிச்சாரு. எங்கப்பன் காவாந்தண்டலத்துல பொட்டப் புள்ளைங்களா பெத்து வெச்சதால டிராக்டர் என் தலையில வுழுந்துச்சு. பாவாட கட்ற வயசுலயே ஏரு ஓட்டனவ நானு. சரி, எனக்காகன்னு நாலு பேரு எதுர்ல சொல்லிட்டாரு, அப்ப அது என் வண்டின்னு சாவிய வாங்கி மாட்டிக்கினேன்.

வண்டிக்கு பூஜ போட கோயிலுக்கு இட்டுக்கினு போனோம். பூசாரி தேங்கா, எலுமிச்சம்பழம், குங்குமம் எல்லாம் எடுத்துக்கினு, "இன்ஜின தொறங்க"ன்னாரு. எங்க வூட்டுக்காரரு அவசரத்துல முன்பக்க மூடியத் தூக்கிட்டாரு. பூசாரி குனிஞ்சவரு நிமிரல. சந்தனம் வெச்சி, குங்குமம் வெச்சி, பூ வெச்சி, கற்பூரம் காட்டி முடிச்சாரு. அப்பறந்தான் நான் எட்டிப் பாத்தேன். உள்ள இருந்தது ஸ்டெப்னி டயரு. இந்த வண்டிக்கு இன்ஜின் பின்னாடி, சாமான் வெக்கற டிக்கி முன்னாடி. "பூசாரி, இன்ஜின் அந்தப் பக்கம், இன்னொரு தபா காட்டுங்க"ன்னேன். "ஒரு வண்டிக்கு ஒரு தபாதாம்மா கற்பூரம்"னு தட்ட எடுத்துக்கினு போயிட்டாரு. டயருக்கு இருந்த அனுக்கிரகம் இன்ஜினுக்கு இல்லாமப் போச்சு.

எங்க மாமியாருக்கு அது மனசுல முள்ளாட்டம் குத்திக்கினே இருந்துச்சு. வண்டி தும்மனா கூட, "இன்ஜினுக்கு பூஜ போடல, அதான்"னு ஆரம்பிச்சிடுவாங்க.

அடுத்தது தண்ணி. இந்த வண்டிக்கு ரேடியேட்டரே கெடையாது. இன்ஜின் சூட்ட ஆத்தறதுக்கு தண்ணியே வேணாம், பின்னாடி ஒரு ஃபேனு சுத்தும், அது மூடியில இருக்கற சல்லட வழியா வெளிக்காத்த இழுத்து இன்ஜின் மேல வீசும், அவ்ளோதான். இத எங்க வூட்டுக்காரரு ஒரு பொஸ்தகத்துல படிச்சி, போர்டு இல்லாத குறையா எனக்கு பாடம் எடுத்தாரு. எனக்குப் புரிஞ்சிடுச்சு. ஊருக்குத்தான் புரியல. டிராக்டர் மெக்கானிக்கு வந்து வண்டிய நாலு சுத்து சுத்தி, கீழ படுத்து எழுந்து, "தண்ணி எங்கம்மா ஊத்தறது?"ன்னாரு. பெட்ரோல் பங்குல அதே கேள்வி. பால்காரரு, போஸ்ட்மேன், தாலுக்கா ஆபீஸ் பியூன் வரைக்கும் அதே கேள்வி. எங்க மாமியாரு ஒரு படி மேல போயி, "மாட்டுக்கே ரெண்டு வேள தண்ணி காட்றோம், தண்ணி குடிக்காத வண்டி எப்படி உருப்படும்?"னு ஒரு சொம்போட வந்து நின்னாங்க. நான் மட்டும் பாக்காம வுட்டிருந்தா பெட்ரோல் டாங்குல ஊத்தியிருப்பாங்க.

அந்த சொம்பு அடி நசுங்கி நேரா நிக்காது. எங்க வூட்ல எந்த சொம்பும் நேரா நிக்காது. எங்க மாமனாரு, இப்ப இல்ல, போய்ச் சேந்துட்டாரு, சாம்பாருல உப்பு கம்மின்னா தட்டத் தூக்கி வீசுவாரு. காப்பி ஆறிப் போனா டம்ளரு பறக்கும். நான் மருமவளா வந்த மொத வாரமே ஒரு கிண்ணி என் காதோரம் போயி செவுத்துல அடிச்சிச்சு. நான் வாய்க்காரி, "மாமா, அடுத்த தபா நானும் வீசுவேன்"னு சொல்லிட்டேன். அதுலருந்து என் பக்கம் வீச மாட்டாரு. ஆனா என் நாத்தனாரு அப்படி இல்ல. பொறந்ததுலருந்து பறக்கற ஏனம் பாத்திரத்துக்கு நடுவுல வளந்த பொண்ணு. யாராவது கதவ ஓங்கி சாத்தனா கூட தோளு ரெண்டும் தூக்கிக்கும்.

அவதான் வண்டியில எனக்கு தொண. பக்கத்து சீட்டு அவளுக்குன்னே ஆயிடுச்சு. சாயங்காலம் மாட்டுக்கு தவுடு வாங்கறேன்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் ஏரிக்கர வரைக்கும் போயிட்டு வருவோம். அந்த வண்டிக்குள்ள பேசனா வெளிய ஒரு மனுசனுக்கும் கேக்காது. ஆயில் இன்ஜின் மாதிரி தடதடன்னு அப்படி ஒரு சத்தம். மொத நாளு நான் கழனிப் பக்கமா ஓட்டிக்கினு போறப்ப, கரெண்டு இல்லாத நேரத்துல யாரோ பம்புசெட்டு போட்டுட்டாங்கன்னு நெனச்சி ஒருத்தரு மம்மட்டியத் தூக்கிக்கினு மடை திருப்ப ஓடியாந்தாரு. என்னப் பாத்துட்டு, "தண்ணி எங்க?"ன்னாரு. அவுருக்கும் தண்ணிதான்!

ஓட்டறதுக்கு பழகறதுக்குள்ள என் உயிரு போயி வந்துச்சு. கியரு கம்பி நீளமா, பிடிப்பே இல்லாம, களி கிண்டற துடுப்பாட்டம் ஆடும். மூணாவது கியருன்னு போட்டா மொத கியருல வுழும். இன்ஜின் பின்னாடி கனமா இருக்கறதால முன்பக்கம் லேசு. ஒரு மழ நாள்ல காவாந்தண்டலம் ரோட்டுல திருப்பத்துல திருப்பனேன். முன்சக்கரம் நேரா போச்சு, பின்பக்கம் சுத்திக்கினு வந்துச்சு, நின்னப்ப வண்டி வந்த வழியப் பாத்து நின்னுக்கினு இருந்துச்சு. என் நாத்தனாரு, "அண்ணி, வூட்டுக்கே போவலாம்னு சொல்லுது"ன்னா. அதுலருந்து முன்னாடி டிக்கியில ஒரு மூட்ட நெல்லு போட்டு வெச்சேன். முன்பக்கம் படிஞ்சிச்சு, ஸ்டியரிங்கு சொன்னபடி கேட்டுச்சு. ஜெர்மன்காரனுக்கு இது தெரிஞ்சிருக்குமோ என்னவோ.

ஆனா சும்மா சொல்லக் கூடாது, அத ஓட்டற சந்தோஷம் வேற எதுலயும் இல்ல. தரைக்கு அவ்ளோ கிட்ட ஒக்காந்துக்கினு, ரெண்டு பக்கமும் நெல்லு தலைக்கு மேல ஓடறதப் பாத்துக்கினு போறப்ப எனக்கு சிரிப்பு சிரிப்பா வரும். நானும் அவளும் காரணமே இல்லாம சிரிப்போம்.

அப்பறம் ஒரு நாளு உளுந்துல மாட்டனேன். எங்க பக்கம் உளுந்து, கொள்ளு, கேவுரு எது அறுத்தாலும் ரோட்டுல பரப்பி வுட்டுடுவாங்க. பஸ்ஸு லாரி ஏறி ஏறி மணி உதுந்துடும், ஆள் வெச்சி அடிக்கற வேல மிச்சம். அன்னிக்கு அந்தப் பொம்பளைங்க, "ஏறிப் போ தாயி, ஏறிப் போ"ன்னாங்க. எனக்கு டிராக்டர் புத்தி. ஏறனது மட்டும் இல்லாம, "பாவம், ரெண்டு சால் ஓட்டிக் குடுப்போம்"னு முன்னயும் பின்னயும் அந்த உளுந்தஞ்செடி மேலயே ஓட்டனேன். அவங்க வாழ்த்தோ வாழ்த்துன்னு வாழ்த்தனாங்க. அர மைலு போறதுக்குள்ள உளுந்து வறுக்கற வாசன வந்துச்சு. "யாரோ வடைக்கு வறுக்கறாங்க போல"ன்னா என் நாத்தனாரு. வடைக்கு ஊறதான் போடுவாங்க, எவன் வறுப்பான்னு நான் யோசிக்கறதுக்குள்ள செவப்பு லைட்டு எரிஞ்சி இன்ஜின் நின்னுடுச்சு. மூடியத் தொறந்தா அந்த ஃபேனு ஒரு களத்து மேட்டு சருவு மொத்தத்தையும் உள்ள இழுத்து வெச்சிக்கினு கீது. சந்து சந்தா அடைச்சிக்கினு, புகை வேற.

ரெண்டு பேரும் பனமர நெழல்ல ஒக்காந்து வெளக்கமாத்து ஈர்க்குச்சியால ஒவ்வொரு பொட்டா நோண்டி எடுத்தோம். அன்னிக்குத்தான் எனக்கு இந்த வண்டி விளங்குச்சு. இதுக்கு தண்ணி வேணாம், தீனி வேணாம், மூச்சு வுட மட்டும் வுட்டுடணும். பின்பக்க சல்லடைய எது மூடனாலும் செத்துடும்.

நோண்டிக்கினு இருக்கறப்பதான் அவ கேட்டா. பழையசீவரத்துல ஒரு எடம் அவளுக்கு அப்ப முடிவாயிருந்துச்சு. பையன் கூட்டுறவு சங்கத்துல வேல. பொண்ணு பாக்க வந்தப்ப அவன் தல குனிஞ்சி பஜ்ஜி துன்னான், இவ தல குனிஞ்சி காப்பி குடுத்தா. அவ்ளோதான் பழக்கம்.

"அண்ணி, அவரு எப்படிப்பட்டவரு?"

"இன்னாடி கேள்வி, நல்லவராத்தான் இருப்பாரு."

"கோவக்காரரா?"

நான் ஈர்க்குச்சிய கீழ வெச்சேன். அவ என்னப் பாக்கல, இன்ஜினையே பாத்துக்கினு பேசனா. "எங்கப்பாவயும் எல்லாரும் நல்லவருன்னுதான் சொல்லுவாங்க. வெளிய நல்லவரு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம் அண்ணி. நகை வேணாம், பொடவ வேணாம். ஏனம் பறக்காத வூடா இருந்தா போதும். நீ எப்படியாவது பாத்து சொல்லு. கோவக்காரங்கள உனக்குத் தெரியும், நீயே ஒரு கோவக்காரி."

"கோவக்காரருன்னு தெரிஞ்சா?"

"நிறுத்திடு. நீ சொன்னா அண்ணன் கேப்பாரு."

கல்யாணத்துக்கு மின்ன எந்த ஆம்பள தன் கோவத்தக் காட்டுவான்? அது தாலி ஏறனப்பறம்தான வெளிய வரும். ஆனா அந்தப் பொண்ணு தோளு ரெண்டும் தூக்கிக்கினு ஒக்காந்திருக்கறத பாத்துக்கினு, முடியாதுன்னு எப்படி சொல்றது? "பாத்து சொல்றேன்"னுட்டேன்.

பாக்கறதுக்கு ஒரு வழிய எங்க மாமியாரே பண்ணிக் குடுத்தாங்க. நிச்சயதார்த்தத்துல சம்பந்தி வூட்டுக்காரரு, "மாப்பிள்ள அழைப்புக்கு வண்டி ஏற்பாடு பண்ணிடுங்க"ன்னாரு. எங்க மாமியாரு நிமிந்து ஒக்காந்து, "ஏற்பாடு இன்னாத்துக்கு? எங்க வூட்லயே பாரின் காரு கீது"ன்னாங்க. அதுவரைக்கும் அத தவளைன்னும் தரித்திரம்னும் திட்டனவங்க!

அத ஓட்ட ஊர்ல என்ன வுட்டா ஆளு இல்ல. சம்பந்தி மூஞ்சி சுருங்கிடுச்சு. "பொம்பள ஓட்டற வண்டியிலயா மாப்பிள்ள வருவாரு?"

"எங்க வூட்டு வண்டிய எங்க வூட்டு மருமவதான் ஓட்டுவா"ன்னாங்க எங்க மாமியாரு. ஜென்மத்துல மொத தபா அவங்கள கட்டிப் புடிச்சிக்கலாம்னு இருந்துச்சு. அந்த எண்ணம் கல்யாணம் வரைக்கும் தாங்கல.

மாப்பிள்ள அழைப்பு அன்னிக்கு சாயங்காலம் பூக்காரரு வந்து வண்டிய ஜோடிச்சாரு. நான் தலதலயா அடிச்சிக்கினு சொன்னேன். "முன்னாடி போடு, பக்கத்துல போடு, கூரை மேல போடு, பின்னாடி மட்டும் ஒரு இதழு வெக்காத, வெச்ச கைய ஒடைச்சிடுவேன்." அவரும் சரின்னாரு. நான் பட்டுப் பொடவ கட்ட உள்ள போனேன். எங்க மாமியாரு வெளிய வந்தாங்க. பின்பக்கம் மொட்டையா இருக்கறதப் பாத்தாங்க. பூஜ போடாம வுட்ட இன்ஜினு. ஒரு நாளாவது அதுக்கு மரியாத பண்ணுவோம்னு, ரெண்டு கூட சாமந்தியும் ரோசாவும் மல்லியும் சேத்து ஒரு கம்பளியாட்டம் தெக்கச் சொல்லி, சல்லடைக்கு மேல கெட்டியா கட்ட வெச்சிட்டாங்க. மேல ஒரு வாழ எலையும் போட்டாங்களாம், பூ வாடாம இருக்க.

நான் வெளிய வந்தப்ப தெருவே வண்டியச் சுத்தி நின்னுக்கினு இருந்துச்சு. நேரமாச்சு நேரமாச்சுன்னு எல்லாரும் கத்தறாங்க. பின்பக்கம் போய்ப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.

புள்ளையாரு கோயில்ல மாப்பிள்ளைய ஏத்தனேன். ஆளு நெட்ட. கோட்டு சூட்டு, கழுத்து கொள்ளாத மால, மொழங்கால் ரெண்டும் தாவாக்கட்டைய இடிக்குது, தல கூரைய இடிக்குது. வண்டிக்குள்ள மடிச்சி வெச்ச ஏணியாட்டம் ஒக்காந்துக்கினாரு. முன்னாடி பேண்டு செட்டு, ரெண்டு பக்கமும் டியூப் லைட்டு தூக்கறவங்க, பட்டாசு. நடக்கற வேகத்துல, மொத கியருலயே உருட்டிக்கினு போறேன். இதுதான் சமயம்னு ஆரம்பிச்சேன்.

"தம்பி, சாம்பாருல உப்பு இல்லன்னா இன்னா பண்ணுவீங்க?"

திருதிருன்னு முழிச்சாரு. "போட்டுக்குவேங்க்கா."

"காப்பி ஆறிப் போச்சுன்னா?"

"குடிச்சிடுவேன்."

"கோவமே வராதா?"

"எதுக்குக்கா வரணும்?"

கல்யாணத்துக்கு மொத நாளு எவனும் இப்படித்தான் சொல்லுவான்னு மனசுக்குள்ள சொல்லிக்கினேன். இதக் கொண்டு போயி அந்தப் பொண்ணு கிட்ட இன்னான்னு சொல்றது? ஒரு மண்ணும் தெரியலடின்னா? கல்யாண மண்டபம் கிட்ட வந்துக்கினே கீது. மாப்பிள்ள வேற என் கியரு கம்பியையே பாத்துட்டு, "அக்கா, இதுக்கு தண்ணி எங்க ஊத்தறது?"ன்னாரு. எனக்கு பத்திக்கிச்சு. வாயக் கடிச்சிக்கினு ஓட்டனேன்.

மண்டபத்துக்கு எதுர் தெருமுனைக்கு வந்தப்ப ஒரு வாசன வந்துச்சு. மல்லிப்பூவ வேகவெச்சா எப்படி இருக்கும்னு அதுக்கு மின்ன எனக்குத் தெரியாது. கூட வாழ எல கருகற வாசன. செவப்பு லைட்டு எரிஞ்சிச்சு. கண்ணாடியில பாத்தேன், பின்னாடி பொக மூட்டமா கீது. யாரோ, "வண்டி பத்திக்கிச்சு டோய்!"னு கத்தனாங்க. பேண்டு செட்டு பாதிப் பாட்டுல நின்னுடுச்சு.

நான் குதிச்சி பின்பக்கம் ஓடனேன். ஒரு வெள்ள வேட்டிக்காரரு கொழாயடியிலருந்து கொடத்த நெறைய நெறைய தூக்கிக்கினு ஓடியாறாரு. கொதிக்கற இன்ஜின் மேல பச்சத் தண்ணி பட்டா வெடிச்சிக்கும். அவ்ளோதான் எனக்குத் தெரியும். பட்டுப் பொடவையாவது ஒண்ணாவது, ரெண்டு கையையும் விரிச்சிக்கினு வண்டிய மறைச்சி நின்னுட்டேன். கொடத்துத் தண்ணி மொத்தமும் என் தலையில எறங்குச்சு.

"யோவ்! அறிவு கீதாய்யா உனுக்கு? உங்க வூட்டு தோசக்கல்லு காயறப்ப கொடத் தண்ணிய கவுப்பியா? தண்ணி தண்ணின்னு ஊரே என் உசிர வாங்குது! இந்த வண்டிக்கு தண்ணி வேணாம்யா! காத்து! காத்துதான்யா வேணும்!"

மூஞ்சித் தண்ணியத் தொடைச்சிக்கினு பாத்தேன். சம்பந்தி. மாப்பிள்ளையோட அப்பா. எங்க வூட்டுக்காரரு இஞ்சி தின்ன கொரங்காட்டம் நிக்கறாரு. "சகுனமே சரியில்லப்பா"ன்னு அவங்க பக்கத்து ஆளு ஒருத்தரு ஆரம்பிச்சாரு. முடிஞ்சிச்சு, கல்யாணம் என் வாயாலயே நின்னுச்சுன்னு நெனச்சேன். அந்த நெனப்புல கூட எங்க மாமியாரு கட்டி வெச்ச அந்தப் பூக்கம்பளிய பாத்துட்டேன், அவங்கள வேற நாலு திட்டு திட்டனேன். திட்டிக்கினே பூவப் பிடிச்சி இழுத்தா கை சுட்டுச்சு. அதுக்கப்பறம் என் கண்ணுக்கு அந்த சல்லடையத் தவிர எதுவும் தெரியல.

பக்கத்துல ஒரு நெட்ட உருவம் வந்து குந்துச்சு. மாப்பிள்ள. "அக்கா, இத எடுத்துட்டா மூச்சு வுட்டுடுமா?"ன்னு கேட்டாரு. போட்டிருந்த புதுக் கோட்ட கழட்டி கையில சுத்திக்கினு, கருகன பூவப் பிடிச்சி இழுக்க ஆரம்பிச்சிட்டாரு. நான் ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். கோட்டுக் கையி தீஞ்சி ஓட்ட வுழுந்துச்சு. சகுனம் பேசனவரு கிட்ட, "மூச்சு முட்டிச்சு மாமா, எடுத்து வுட்டோம். இதுல சகுனம் எங்க கீது?"ன்னாரு. சம்பந்தியும் வந்து, நான் மறுபடி திட்டுவேனோன்னு கொஞ்சம் தள்ளியே நின்னுக்கினு, "கொஞ்சூண்டு கூட ஊத்தக் கூடாதாம்மா?"ன்னு கேட்டாரு.

இன்ஜின் ஆற வரைக்கும் யாரு நிக்கறது? மாப்பிள்ளையே பின்னாடி போயி தோளக் குடுத்தாரு. பாக்கற ஆம்பளைங்களுக்கு வெக்கமாப் போயி அவங்களும் கைய வெச்சாங்க. நான் சொட்டச் சொட்ட ஸ்டியரிங்க புடிச்சேன். பேண்டு செட்டுக்காரங்க திரும்ப ஊத, மாப்பிள்ள தன் மாப்பிள்ள அழைப்பு வண்டிய தானே தள்ளிக்கினு மண்டபத்துக்கு வந்து சேந்தாரு. மொகமெல்லாம் கரி, தலையில ஒரு சாமந்திப் பூ.

நான் நேரா மாடிக்கு, பொண்ணு ரூமுக்கு ஓடனேன். ஏறறப்பவே ஒப்பாரி மாதிரி பேச ஆரம்பிச்சிட்டேன். "கேட்டுப் பாத்தேன்டி, உப்பு இல்லன்னா போட்டுக்குவேன்னாரு, ஆனா அத நம்ப முடியாது, அதுக்குள்ள அந்த பாழாப்போன பூவு, நான் வேற உன் மாமனார யோவ்னு கூப்ட்டுட்டேன், கூட்டத்துல மாப்பிள்ள பல்லக் கடிச்சிக்கினு இருந்தாரோ என்னவோ, நான் சரியாப் பாக்கலடி, என்னால சொல்ல முடியல, நான் வண்டியத்தான்…"

அவ சன்னலோரம் நின்னுக்கினு இருந்தா. அங்கருந்து தெருமுன அப்படியே தெரியுது.

"நான் பாத்தேன் அண்ணி"ன்னா.

"இன்னா பாத்த?"

"நீ அவங்கப்பாவ திட்டனியே, அப்ப. அவரு கொடத்த இன்னும் கையிலயே வெச்சிக்கினு நின்னாரு. இவரு வண்டியிலருந்து எறங்கி வந்தாரு. அப்பா கையிலருந்து கொடத்த வாங்கனாரு." அவ சன்னல் கம்பியப் புடிச்சிக்கினா. "நான் கண்ண மூடிக்கினேன் அண்ணி. இப்ப வீசுவாருன்னு. கொஞ்ச நேரம் கழிச்சி தொறந்து பாக்கறேன், குனிஞ்சி கீழ வெக்கறாரு. ரெண்டு கையாலயும். கொடம் ஆடாம நிக்குதான்னு பாத்துட்டு அப்பறமா கைய எடுத்தாரு."

எனக்கு அது ஒண்ணுமே தெரியாது. நான் அப்ப பூவ இழுத்துக்கினு இருந்தேன்.

அவ தோளு ரெண்டும் எறங்கியிருந்துச்சு. இந்த வூட்டுக்கு வந்த நாளா அவள அப்படி நான் பாத்ததே இல்ல. எனக்கு அழுக பொத்துக்கினு வந்துச்சு. ஈரப் பொடவையோட அவளக் கட்டிப் புடிச்சிக்கினேன், அவ பொடவையும் நாசமாப் போச்சு.

திரும்பனா வாசல்ல எங்க மாமியாரு. எனக்கு மாத்துப் பொடவ எடுத்துக்கினு வந்தவங்க, எவ்ளோ நேரமா நிக்கறாங்களோ. எல்லாம் கேட்டுட்டாங்கன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிச்சு. அவங்க எத்தினி கொடத்தப் பொறுக்கியிருப்பாங்க, எத்தினி சொம்ப தட்டி நிமித்தியிருப்பாங்க. மெதுவா உள்ள வந்து, மவ தலையத் தடவி, கண்ண முந்தானையால தொடைச்சிக்கினாங்க. அப்பறம் என் பக்கம் திரும்பி,

"அதுக்குத்தான் நான் பூ போட்டேன்"னாங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். பதிலு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. அவங்க மூஞ்சிய இன்னொரு தபா பாத்தேன். "ஆமா அத்த"ன்னு சொல்லிட்டு பொடவைய வாங்கிக்கினேன்.